சின்னமலைக் குகைக்கோயில்: சென்னையில் இறங்குபவர்களுக்கு ஒரு அரைநாள்

வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையில் இறங்கி, ஊருக்குப் போகும் ரயிலுக்கு அரைநாள் பொழுது இருந்தால் பெரும்பாலானோர் தி.நகர் கடைகளுக்குத்தான் ஓடுகிறார்கள். புடவையைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். அந்த அரைநாளில் சைதாப்பேட்டை சின்னமலைக்குப் போய் வாருங்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் போகும் இடம் என்று தயங்கவும் வேண்டாம். எல்லா மதத்தாரும் வருகிறார்கள்.

போவது சுலபம். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நீலத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் சின்னமலை நிலையத்தில் இறங்கலாம், கிண்டிக்கு அடுத்தது. ஆட்டோவில் போனால் 'சைதாப்பேட்டை சின்னமலை சர்ச்' என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறுமனே 'தோமையார் மலை' என்றால் பரங்கிமலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அது வேறு மலை, அதற்கும் பிறகு வருவோம். பெட்டிகளை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். ரயில் டிக்கெட் கையில் இருந்தால் சென்ட்ரல் அல்லது எழும்பூர் நிலையத்தின் பொருள் காப்பறையில் வைத்துவிட்டு வரலாம். பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்கமாட்டார்கள்.

இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமையார் கி.பி. 52இல் கேரளக் கரைக்கு வந்து, பிறகு மயிலாப்பூர்ப் பக்கம் போதித்தார் என்பது மரபு. தம்மைத் தேடியவர்களிடமிருந்து ஒளிய அவர் தங்கியது இந்தக் குகை என்கிறார்கள். அதையொட்டிப் போர்த்துகீசியர் 1551இல் ஆரோக்கிய மாதா கோயிலைக் கட்டினார்கள். வளாகத்தில் உள்ள பெரிய வட்டக்கோயில் மிகவும் பிற்காலத்தது. அதன் பரப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நீங்கள் தேடி வந்தது பழைய கோயிலை ஒட்டியிருக்கும் குகையை.

குகை சிறியது. குனிந்துதான் நுழைய வேண்டும், உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பீடம், அவ்வளவுதான் இடம். ஒரு பக்கம் பாறையில் ஒரு திறப்பு. தோமையார் அதன் வழியாகத் தப்பிப் பரங்கிமலைக்கு ஓடினார் என்றும், பக்கத்தில் தெரியும் தடம் அவருடைய கை பதிந்தது என்றும் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பக்கத்தில் ஒருவர் அந்தத் தடத்தில் கைவைத்து ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகளுக்கு வரலாற்று ஆதாரம் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம். வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்.

முட்டிவலி உள்ள அம்மா அப்பாவை உள்ளே போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்; மேலே கோயிலில் உட்கார்ந்திருக்கட்டும். மூச்சுமுட்டும் பயம் உள்ளவர்களுக்கும் அதுவே நல்லது. வார நாளில் காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையும், ஈஸ்டரைத் தொடர்ந்து வரும் திருவிழாவும் அமைதி தேடுபவர்களுக்கு ஏற்றவை அல்ல. திருவிழாவையே பார்க்க விரும்புபவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். செருப்பு விஷயத்தில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். பூசை நடக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

இறந்துபோன உறவினருக்காகப் பூசை கொடுக்க விரும்பினால் ஆலய அலுவலகத்தில் கேளுங்கள். பெயரைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வாசிக்கும்போது பெயர் சிதைந்தால் உங்களுக்குத்தான் மனசு கேட்காது. மெழுகுவத்திக்கும் காணிக்கைக்கும் சில்லறை நோட்டுகள் வேண்டும். இப்போது எங்கு பார்த்தாலும் கைப்பேசியில்தான் பணம் செலுத்துகிறார்கள். வெளிநாட்டு வங்கிக் கணக்கு மட்டும் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் சரிவராது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மீதிக்கு நிற்க வேண்டியதுதான்.

நேரம் மிச்சம் இருந்தால் மரபு சொல்லும் வரிசையிலேயே போங்கள்: ஒளிந்த இடம் சின்னமலை, உயிர் விட்ட இடம் பரங்கிமலை, அடக்கம் செய்யப்பட்ட இடம் சாந்தோம். தலைகீழாகச் சுற்றினால் கதை ஒட்டாது. பரங்கிமலைக்கு ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறி ஒரே நிலையம். படியேற முடியாதவர்களுக்கு உச்சி வரை கார் போகும் பாதை உண்டு. 1547இல் தோண்டும்போது கிடைத்த, பாரசீக பஹ்லவி எழுத்து பொறித்த கற்சிலுவை அங்கே பீடத்தில் இருக்கிறது. அங்கிருந்து விமானங்கள் இறங்குவதும் தெரியும்; பிள்ளைகள் நகரமாட்டார்கள். சாந்தோமுக்கு ஆட்டோதான் வசதி. 1896இல் திருத்திக் கட்டப்பட்ட அந்தப் பேராலயத்தில் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி இருக்கிறது, கேட்டுப் போங்கள்.

சின்னமலையில் பாறையிலிருந்து ஊறும் நீரைப் பலர் புட்டியில் பிடித்துப் போவார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நேராகக் குடிக்கக் கொடுக்காதீர்கள், வயிறு தாங்காது. நெற்றியில் தொட்டு வைத்தால் போதும். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் புட்டியை இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, விமானத்தில் போடும் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.