பெட்டைக் குதிரை பருவத்துக்கு வராவிட்டால் எதை முதலில் பார்ப்பது? பொள்ளாச்சி–பாலக்காடு எல்லைக்கான வழிமுறை

பெட்டையின் சினைப்பருவத்துக்குக் கடிகாரம் பகல் வெளிச்சம்தான். இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கும். இரவு நீளநீள அதுவும் அதிக நேரம் சுரந்து, சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களை அடக்கிவிடும். குளிர்நாடுகளில் பெரும்பாலான பெட்டைகள் மாதக்கணக்கில் பருவத்துக்கு வராமல் நிற்பது இதனால்தான்.

அந்தக் கணக்கை மீனாட்சிபுரம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்படியே பொருத்தக் கூடாது. லண்டனில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் எட்டரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். இங்கே சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனால் நல்ல உடம்போடு இருக்கும் பெட்டைகளில் பல, ஆண்டு முழுக்கவே பருவத்துக்கு வரும். வராமல் நின்றால் முதலில் தீவனத்தைப் பாருங்கள், வெளிச்சம் அப்புறம்.

விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. 1 முதல் 9 வரை போடும் உடல்நிலை மதிப்பெண்ணில் இது 5. சினைக்கு விடும் பெட்டை 5-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வெறும் காய்ந்த தட்டை தின்று 4-க்கு இறங்கிய பெட்டை ஊசி போட்டாலும் எளிதில் சினை நிற்காது. ஆண் குதிரையோடு சேர்க்க நினைக்கும் நாளுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே குடற்புழு நீக்கி, தீவனத்தைக் கூட்டுங்கள். 350 கிலோ பெட்டைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் நாளைக்கு 7 கிலோ தீவனம் போக வேண்டும். ஊறவைத்த கொள்ளை கால் கிலோவில் தொடங்கி, பத்து நாளில் ஒரு கிலோவுக்குக் கொண்டுவந்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிற்றுவலிதான் வரும்.

மாட்டுக்கு வைக்கும் நேப்பியர் புல்லையே குதிரைக்கும் நாள்தோறும் போடுகிறார்கள். அதிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மேலே தவிடும் சேர்ந்தால் முகத்தெலும்பு வீங்கும் அளவுக்குப் போகலாம். சினைக்கும் பால் கொடுக்கவும் போகிற பெட்டைக்கு இது பெரிய கேடு. குதிரை மசால் என்னும் பசுந்தீவனப் பயிரும் தாது உப்புக் கலவையும் கட்டாயம் வேண்டும்.

எந்த மாதம் சேர்ப்பது? சினைக்காலம் சுமார் 340 நாள். புரட்டாசியில் சேர்த்தால் ஆவணியில் குட்டி. பால் கொடுக்கும் மாதங்களில் பச்சைத் தீவனம் இருக்கும். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் தையில் சேர்த்து மார்கழியில் குட்டி எடுக்கலாம். ஆனியில் சேர்ப்பதை நாங்கள் சொல்ல மாட்டோம். வைகாசிக் கடைசியிலும் ஆனித் தொடக்கத்திலும் பிறக்கும் குட்டி மழைச் சேற்றிலும் ஈயிலும் கிடந்து அவதிப்படும்.

தையில் சேர்க்க வேண்டும், தேறிய உடம்பு இருந்தும் பெட்டை பருவத்துக்கு வரவில்லை என்றால் அப்போது விளக்கு வையுங்கள். கார்த்திகைத் தொடக்கத்திலிருந்து சுமார் 60 நாள், பகலும் விளக்குமாகச் சேர்த்து 16 மணி நேர வெளிச்சம். அந்தி சாயும் முன்பே போட்டு, இரவு பத்தரைக்கு அணைக்க வேண்டும். லாயத்தின் எந்த மூலையில் நின்றாலும் குதிரையின் கண் உயரத்தில் செய்தித்தாள் படிக்க முடிந்தால் வெளிச்சம் போதும். விடிய விடிய எரியவிட்டால் பலன் கிடைக்காது, இருட்டும் வேண்டும். நடுவில் சில நாள் விட்டுவிட்டாலும் உழைப்பு வீண்.

பருவச் சுற்று 21, 22 நாள். அதில் 5 முதல் 7 நாள் பெட்டை ஆண் குதிரையை ஏற்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண் குதிரையைக் காட்டினால், வாலை ஒருபுறம் ஒதுக்கி, பின்காலை அகட்டித் தாழ்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விட்டு, பிறப்புறுப்பின் உதட்டைத் திறந்து திறந்து மூடும். காதை மடக்கிக் கத்தி உதைத்தால் இன்னும் வரவில்லை. குட்டி பக்கத்தில் இருந்தால் சில பெட்டைகள் அறிகுறியை மறைக்கும். குட்டியை வேறொருவர் பிடித்துக்கொள்ளட்டும். தேதியைத் தவறாமல் எழுதி வையுங்கள்.

முட்டை வெளிவருவது பருவம் முடிவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு. ஆகவே இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கி, பெட்டை மறுக்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள். ஸ்கேன் வசதி இருந்தால் முட்டைக் கொப்புளம் 35 மில்லிமீட்டரைத் தாண்டியதும் சேர்ப்பது சிக்கனம். பருவம் பத்து, பதினைந்து நாள் இழுத்துக்கொண்டே போனால் அது பருவமே வராத காலத்துக்கும் ஒழுங்கான சுற்றுக்கும் நடுவிலான இடைக்காலப் பருவம், முட்டை வெளிவராது. பொலிகுதிரையை அதில் வீணாக்க வேண்டாம்.

குட்டி போட்ட 7 முதல் 12 நாளில் ஒரு பருவம் வரும். பிரசவம் சிரமப்பட்டிருந்தாலோ, நஞ்சுக்கொடி விழ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ அதை விட்டுவிட்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருங்கள். பதினைந்து வயதைத் தாண்டிய பெட்டைக்குச் சேர்த்த மறுநாளே கர்ப்பப்பையில் நீர் தங்கியிருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். தங்கினால் கரு பிழைக்காது.

முட்டை வெளிவந்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் செய்யுங்கள். இரட்டைக் கரு தெரிந்தால் அந்த நாட்களிலேயே ஒன்றை மருத்துவர் நீக்கிவிடலாம். தள்ளிப்போட்டால் பெரும்பாலும் இரண்டுமே கலைந்துபோகும்.