‘லினக்ஸில் யாரும் வருவதில்லை’ என்று எழுதும் முன்

2024 டிசம்பர் 2, காலை நேரம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் கடலூரில் யாருக்கும் நிம்மதி இல்லை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணையில் தண்ணீர் ஏறுகிறது என்று தெருவெல்லாம் அதே பேச்சு. செம்மண்டலத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் இருந்தேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். கூடவே ஒரு பழைய லேப்டாப். அதில் விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வகையான லினக்ஸ் மின்டை நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். கரண்ட் இல்லை. பேட்டரி பாதி இருந்தது. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, உள்ளூர்ச் செய்தி தரும் ஓர் ஊடகத்தின் நேரலைப் பக்கத்தைத் திறந்தோம். கறுப்புக் கட்டம், நடுவில் ‘உங்கள் இயங்குதளம் ஆதரிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி.

“என்ன தம்பி, நம்ம மெஷின்ல கோளாறா?” என்றார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு சார், ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, பிரவுசர் தன்னைப் பற்றி அனுப்பும் அடையாள வரியை, அதாவது யூசர் ஏஜென்டை, விண்டோஸ் என்று மாற்றிப் பக்கத்தை மறுபடி திறந்தேன். வீடியோ ஓடியது. அதே லேப்டாப், அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே இணைப்பு. ஆற்றில் தண்ணீர் எங்கே வந்திருக்கிறது என்று சார் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அன்று காலை அந்தத் தளத்தின் கணக்கில் என்ன பதிவாகியிருக்கும்? முதல் முயற்சியில் வீடியோவை ஓட்டும் பிளேயர் தொடங்கவே இல்லை. பிளேயரை வைத்து எண்ணுபவர்களுக்கு அப்படி ஓர் ஆள் வந்ததே தெரியாது. இரண்டாம் முயற்சியில் சார் ஒரு விண்டோஸ் பயனர். வந்தவர் ஒருவர், அவர் லினக்ஸ்காரர், கணக்கில் லினக்ஸ் பூஜ்யம்.

பொது ஊடகத் தளங்கள் செய்யும் தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணுவது. பிறகு அந்த எண்ணையே காரணமாகக் காட்டிக் கதவைத் திறக்காமல் இருப்பது. புதுச்சேரியில் ஒரு தளத்தைப் பராமரிக்கும் நண்பர் ஒருவரும் என்னிடம் இதையேதான் சொன்னார்: “லினக்ஸ்ல யாரும் வர்றதில்லைங்க, ரிப்போர்ட்டைப் பாருங்க.” பார்த்தேன். அது பிளேயர் பக்கத்தின் ரிப்போர்ட். அந்தப் பிளேயர் லினக்ஸில் ஓடாது. முகப்புப் பக்கத்துக்கும் எழுத்துச் செய்திப் பக்கங்களுக்கும் வந்தவர்களைத் தளத்தின் சர்வர் தானே குறித்து வைக்கும் பதிவை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கத்தில்தான் ஆட்களை எண்ண வேண்டும்.

பிபிசிக்கு நேர்ந்தது

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. 2007இல் பிபிசி தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்க ஐபிளேயரைக் கொண்டுவந்தபோது, நிகழ்ச்சிகளைத் தரவிறக்கிப் பார்க்கும் வசதி விண்டோஸுக்கு மட்டும்தான் இருந்தது. நகலெடுக்க முடியாதபடி கோப்புகளைப் பூட்டும் டிஆர்எம் என்ற முறையில் மைக்ரோசாஃப்டுடையதைப் பயன்படுத்தியதே காரணம். பிபிசி வீட்டுக்கு வீடு வசூலிக்கும் உரிமக் கட்டணத்தில் நடக்கும் நிறுவனம். கட்டணம் கட்டுகிறவர் எந்தக் கணினி வைத்திருக்கிறார் என்று பார்த்து யாரும் வசூலிப்பதில்லை. அதனால் எதிர்ப்பு வலுவாகவே எழுந்தது. பிரிட்டன் பிரதமர் அலுவலகத்தின் மனுப் பக்கத்தில் 16,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். நியாயமான காலத்துக்குள் எல்லா இயங்குதளங்களுக்கும் வசதி வர வேண்டும் என்று, அப்போது பிபிசியை மேற்பார்வை செய்த பிபிசி டிரஸ்ட் ஏற்கெனவே நிபந்தனை வைத்திருந்தது.

அந்தச் சமயத்தில், பிபிசியில் இந்தத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஆஷ்லி ஹைஃபீல்ட் ஒரு பேட்டியில், பிரிட்டனில் தங்கள் தளத்துக்கு வரும் 1 கோடியே 71 லட்சம் பேரில் லினக்ஸ்காரர்கள் சுமார் 400 முதல் 600 பேர்தான் என்றார். படித்தவர்களால் நம்ப முடியவில்லை. சில நாளில் அவரே திருத்தம் வெளியிட்டார். ஒரு முறையில் எண்ணினால் 36,600 பேர். இன்னொரு முறையில் 97,600 பேர்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதே தளம், அதே காலம். முதலில் சொன்ன 600க்கும் கடைசியாக வந்த 97,600க்கும் இடையே 160 மடங்குக்கும் மேல் வித்தியாசம். திருத்திய இரண்டு எண்களுக்குள்ளேயே இரண்டரை மடங்குக்கு மேல் இடைவெளி. ஆனாலும் ஹைஃபீல்ட் இரண்டையும் மறைக்காமல் வெளியிட்டார். அதை நான் மதிக்கிறேன். எந்த முறையில் எண்ணினோம் என்று சொல்லாமல் ஒற்றைச் சதவீதத்தை மட்டும் கூட்டத்தில் வைப்பது இரண்டாவது தவறு. ‘இதிலிருந்து இது வரை’ என்று எழுதினால் யாரும் குறைத்து மதிப்பிடப் போவதில்லை.

எண்ணிக்கை எங்கே நழுவுகிறது

சர்வர் பதிவில் ‘லினக்ஸ்’ என்ற சொல்லைத் தேடி எண்ணினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கடலூரில் கையில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் அத்தனை பேரும் லினக்ஸ்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஆண்ட்ராய்டின் அடையாள வரியிலும் அந்தச் சொல் இருக்கிறது. பல ஸ்மார்ட் டிவிகளின் வரியிலும் இருக்கிறது. சரி, ஆண்ட்ராய்டு என்று இருப்பதையெல்லாம் கழித்துவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். போனில் குரோமைத் திறந்து ‘டெஸ்க்டாப் தளம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் போன் தன்னை ‘எக்ஸ்11, லினக்ஸ்’ என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்பின் வரியும் அதேதான். தொடுதிரை உண்டா, திரையின் அகலம் என்ன என்று பார்த்துத்தான் ஓரளவாவது பிரிக்க முடியும். ஆள் இல்லாமல் தானாகத் தளங்களை மேயும் நிரல்களான பாட்களில் பலவும் லினக்ஸ் சர்வர்களில் ஓடுபவை. அவற்றையும் கழிக்க வேண்டும்.

இதெல்லாம் எண்ணைக் கூட்டிக் காட்டும் பக்கம். குறைத்துக் காட்டும் பக்கம் இதைவிடப் பெரியது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களில் விளம்பரத் தடுப்பான் போட்டிருப்பவர்கள் நிறைய. பக்கத்தில் ஓடி ஆட்களை எண்ணும் உங்கள் கணக்கெடுப்பு ஸ்கிரிப்டையும் அந்தத் தடுப்பான் சேர்த்தே நிறுத்திவிடும். ஸ்கிரிப்டை மட்டும் நம்பினால் இவர்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். சர்வர் பதிவை மட்டும் நம்பினால் பாட்கள் வந்து குவியும். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நேர்மையான வழி. அப்புறம், செம்மண்டலத்து சார் மாதிரி வேறு வழியில்லாமல் விண்டோஸ் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள். தளம் எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறதோ அவ்வளவுக்கு இவர்கள் பெருகுவார்கள், லினக்ஸ் கணக்கும் அவ்வளவுக்குச் சுருங்கும்.

இணைய இணைப்புக்கான எண்ணாகிய ஐபி முகவரியை வைத்து ஆளை எண்ணுவதும் தவறு. ஒரு பள்ளி ஆய்வகத்தில் முப்பது கணினிகள் ஒரே இணைப்பில் இருந்தால் வெளியே தெரிவது ஒரே முகவரிதான். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. ஒரு மாணவர் வைத்திருந்த ஒரே லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பிரவுசரில் தளம் போட்டு வைக்கும் அடையாளக் குறிப்பான குக்கீயை நம்பினால் அவர் இரண்டு பேர்.

ஸ்டாட்கவுன்டர் போன்ற உலகப் புள்ளிவிவரங்களை அப்படியே எடுத்து நம் வாசகர்கள்மேல் ஒட்டுவதையும் தவிர்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் உலக அளவில் டெஸ்க்டாப் லினக்ஸ் 4 சதவீதத்தைத் தொட்டதாக அதன் கணக்கு காட்டியது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது எண்ணுவது பக்கப் பார்வைகளை. அதுவும் அந்த நிறுவனத்தின் ஸ்கிரிப்டைப் போட்டிருக்கும் தளங்களில் மட்டும்.

ஆதரவு என்றால் என்ன

எண்ணிக்கை ஒரு வழியாகச் சரியானாலும், ‘லினக்ஸ் ஆதரவா? நூறு வகை லினக்ஸ் இருக்கிறதே, எதற்கென்று செய்வது?’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியே பழைய காலத்தது. அந்தந்த இயங்குதளத்துக்குத் தனித்தனியாக மென்பொருள் எழுதிய காலத்தில் அது நியாயமாக இருந்தது. இன்று வீடியோவை ஓட்டுவது பிரவுசர். உபுன்டுவா, டெபியனா, மின்டா என்று உங்கள் தளம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ‘இந்த பிரவுசரால் இந்த வடிவத்தை ஓட்ட முடியுமா?’ என்று பிரவுசரிடமே கேட்டால் அது பதில் சொல்லும். பெயரைப் பார்த்துத் தடுக்காமல் திறனைக் கேட்டு அனுமதிக்க வேண்டும். சார் வீட்டில் வீடியோவை நிறுத்தியது தளத்தின் நிரலில் இருந்த ஒரே ஒரு நிபந்தனை வரி. அதை நீக்குவதற்குப் பணமும் ஆளும் வேண்டாம்.

சில நேரம் லினக்ஸ் தொந்தரவு என்று பெயர் வாங்குவது உண்மையில் ஃபயர்ஃபாக்ஸ் தொந்தரவாக இருக்கும். நேரலைக்குப் பரவலாகப் பயன்படும் ஹெச்.எல்.எஸ். என்ற வடிவத்தின் முகவரியை வீடியோ கட்டத்தில் நேரடியாகக் கொடுத்தால் ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் ஓட்டிவிடும். டெஸ்க்டாப் ஃபயர்ஃபாக்ஸுக்கு இடையில் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வேண்டும். பல லினக்ஸ் வகைகளில் ஃபயர்ஃபாக்ஸ் முதலிலேயே போட்டு வருகிறது. அதனால் புகார் லினக்ஸ்காரர்களிடமிருந்து வரும். விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவருக்கும் அதே தொல்லைதான், அவர் சொல்லாமல் குரோமுக்குப் போயிருப்பார். லினக்ஸ் புகாரைக் கவனித்தால் இன்னும் பலருடைய வலியும் சேர்ந்து தீரும் என்று நான் சொல்வது இதனால்தான்.

செய்திக்கும் வானிலை எச்சரிக்கைக்கும் டிஆர்எம் பூட்டு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சினிமா உரிமைக்குப் பூட்டு வேண்டும் என்றால் அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் போடட்டும். எல்லாவற்றையும் ஒரே பூட்டில் போட்டால் பழைய கணினிகளில் புயல் செய்தியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். வானொலி என்றால் ஒலி வரும் நேரடி முகவரியைப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். வீஎல்சி என்ற பிளேயரில் அதை ஒட்டினால் போதும், குறைந்த டேட்டாவில் கேட்கலாம். கரண்ட் போன வீட்டில் அது எவ்வளவு பெரிய உதவி என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு யாரோ ஒரு நிறுவனம் தரும் செருகுநிரலை நம்பி, ‘லினக்ஸுக்கும் கொடுத்துவிட்டோம்’ என்று உட்கார்ந்துவிடுவதும் ஆபத்து. பிபிசி 2007 டிசம்பரில் அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் செருகுநிரல் வழியாக நேரடியாகப் பார்க்கும் வசதியைக் கொடுத்தது, லினக்ஸிலும் ஓடியது. ஒரு வருடம் கழித்து அடோபி ஏர் வழியாகத் தரவிறக்கும் வசதியும் லினக்ஸுக்கு வந்தது. 2011இல் லினக்ஸுக்கான ஏர் பதிப்பை அடோபி கைவிட்டது. 2020 முடிவில் ஃபிளாஷே போய்விட்டது.

தமிழ்த் தளங்களுக்கென்று ஒரு தவறு தனியாக உண்டு. எழுத்துரு. ஒரு காலத்தில் ஒவ்வொரு செய்தித் தளமும் தனக்கென்று ஒரு குறியாக்கத்தில் எழுதியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். யூனிகோடு வந்து பக்கங்கள் சரியாயின. பக்கத்தோடு இணைத்துத் தரும் கோப்புகள் இன்னும் சரியாகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வேர்டு கோப்பாகவே அறிவிப்பு வருவது இன்றும் நடக்கிறது. லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் லிப்ரே ஆபீஸில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாததால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. இன்னொன்று, விண்டோஸில் வரும் லதா எழுத்துருவை மட்டும் மனதில் வைத்துப் பக்கத்தை வடிவமைப்பது. லினக்ஸில் அந்த இடத்தில் லோகித்தோ நோட்டோவோ வந்து நிற்கும். அகலம் மாறித் தலைப்பு பொத்தான்மேல் ஏறிவிடும். எழுத்துருவைத் தளமே சேர்த்து அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை.

சோதனைக்குப் பழைய கணினி ஒன்றே போதும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் அலுவலகங்களிலேயே மூலையில் கிடக்கும். ஒன்றில் லினக்ஸைப் போட்டு, தளத்தில் மாற்றம் செய்யும் நாளில் எல்லாம் ஒருமுறை நேரலையைத் திறந்து பாருங்கள். எத்தனை பேர் பிளேயை அழுத்தினார்கள், அதில் எத்தனை பேருக்கு ஓடவில்லை என்பதை இயங்குதள வாரியாகக் குறித்து வையுங்கள். வந்தவர் எத்தனை பேர் என்பதைவிட, வந்தும் பார்க்க முடியாமல் போனவர் எத்தனை பேர் என்ற கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புகார்ப் படிவத்தையும் திறந்து பாருங்கள். அந்தப் புயலுக்குப் பிறகு நான் எழுதப் போன படிவத்தில் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று நான்கும், ஐந்தாவதாக ‘மற்றவை’ என்றும் இருந்தன. மற்றவை என்று தேர்ந்தெடுத்து, சார் வீட்டில் நடந்ததை முழுதாக எழுதி அனுப்பினேன். விண்டோஸ் கணினியில் முயன்று பார்க்கும்படி பதில் வந்தது. மறுபடியும் எழுதியிருக்கிறேன், இந்த முறை நிபந்தனை வரி எந்த நிரல் கோப்பில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.

அது மாறும் வரைக்கும் சாருடைய லேப்டாப்பில் அடையாள வரி விண்டோஸ் என்றே இருக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன். டிசம்பர் மழைக்கு அவருக்குச் செய்தி வேண்டும்.