பழைய கைக்கடிகாரம் வாங்குவோர் செய்யும் தவறுகள்

இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால்தான் அசல் என்று நினைப்பவர்கள் நிறைய. 1940-களின் ராணுவக் கடிகாரங்கள் பலவற்றின் எண்களில் ரேடியம் கலந்த பூச்சு உண்டு. ஆனால் ஒளிர்ந்தது ரேடியம் அல்ல, அதன் கதிர்வீச்சு பட்ட துத்தநாக சல்பைடு. சில பத்தாண்டுகளிலேயே அது சிதைந்து ஒளி மங்கிவிடும். அந்த வயதுக் கடிகாரம் இன்றும் ராத்திரி முழுக்க மின்னினால், யாரோ புதுப் பூச்சு பூசியிருக்கிறார்கள்.

ஒளி போனதோடு ரேடியமும் போய்விட்டது என்று எண்ணுவது ஆபத்தான தவறு. கியூரி தம்பதி 1898-இல் கண்டறிந்த ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். உங்கள் டயலில் பூசியது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கும்வரை அதன் கதிர்வீச்சான ஆல்ஃபா துகள்கள் வெளியே வராது. ஆர்வக்கோளாறில் பின்மூடியைக் கழற்றி, உதிர்ந்த பொடியை ஊதுவதும் முள்ளைச் சுரண்டுவதும் கூடவே கூடாது. உடலுக்குள் போன ரேடியம் எலும்பில் தங்கும். நியூ ஜெர்சியில் டயலுக்கு அந்தப் பூச்சைத் தீட்டிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். பலருக்குத் தாடை எலும்பே அரித்துப்போனது. நிறையச் சேர்த்திருந்தால் படுக்கையறை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு வரும், காற்றோட்டம் வேண்டும்.

எனக்குப் பிரியமானது புலோவா நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த அக்யூட்ரான் என்ற பேட்டரிக் கடிகாரம். உள்ளே நொடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவை. காதில் வைத்தால் டிக் டிக் இல்லை, வண்டின் ரீங்காரம். இதன் 214 ரகத்தில் பக்கவாட்டில் திருகு இருக்காது, நேரம் மாற்றும் பிடி பின்பக்கம். அது தெரியாமல் ‘திருகு உடைந்த வாட்ச்’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, நமக்கு லாபம்தான்! பேட்டரியில் கவனம் தேவை. 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது அது. இன்றைய 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடைப் போட்டால் சிலது தாறுமாறாக வேகமெடுக்கும். 300 பற்கள் கொண்ட அதன் குட்டிச் சக்கரத்தில் இடுக்கி பட்டால் கதை முடிந்தது. பழகாத கையில் கொடுக்க வேண்டாம்.

கேஸை, அதாவது வெளிக்கூட்டை, பாலிஷ் போடாதீர்கள், மழுங்கிய விளிம்பு திரும்பி வராது. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் விலையும் மதிப்பும் போகும்.

சாவி கொடுக்கும் கடிகாரம் திடீரென்று வேகமாக ஓடினால் உடனே பிரிக்கச் சொல்லிவிடாதீர்கள். ஸ்பீக்கரின் காந்தம் ஏறி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். முதலில் காந்தம் நீக்கச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.