டிஷ் வைக்கும் முன்: மலையை விடுங்கள், தென்னையைப் பாருங்கள்

செங்கோட்டை, புளியரை பக்கம் யார் புதிதாக டிஷ் வைக்கப் போனாலும் முதலில் கேட்பது மலையைப் பற்றித்தான். "மேற்கே இவ்வளவு பெரிய மலை மறிச்சு நிக்குதே, சிக்னல் வருமா?" வரும். நமக்கு வேண்டிய செயற்கைக்கோள்கள் மேற்கே இல்லை. பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நமக்குத் தென்கிழக்கில் நிற்கின்றன. மலை டிஷ்ஷின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஆரியங்காவு, தென்மலை என்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் குடியிருக்கும் நம் ஆட்களுக்கு மலை கிழக்கே வரும். அவர்களும் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில், 9 பாகை (டிகிரி) வடக்கில் இருப்பதால் கோள்கள் வானத்தில் நல்ல உயரத்தில் இருக்கின்றன. தூர்தர்ஷனின் இலவச சேவையான ஃப்ரீ டிஷ் 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள கோளிலிருந்து வருகிறது. செங்கோட்டையிலிருந்து பார்த்தால் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை மேலே. டாடா ப்ளேயின் கோள் 83 பாகைத் தீர்க்கரேகையில். அது அடிவானத்திலிருந்து 77 பாகை உயரம், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். மலை அவ்வளவு உயரம் எழும்பி மறைக்காது. மறைப்பது பக்கத்து வீட்டுத் தென்னை. மாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு மட்டை போதும். காற்றில் அது ஆட ஆட, படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். அப்புறம், இன்று இடுப்பு உயரத்தில் நிற்கும் கன்று ஐந்தாறு வருடத்தில் எங்கே நிற்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். ரப்பர், பலா நிற்கும் தோட்டங்களிலும் இதே கதைதான்.

பலரும் ஏமாறுவது டிஷ்ஷின் முகத்தைப் பார்த்துத்தான். வீட்டு டிஷ் எதிரே தாழ்வாகப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தெரியும். உண்மையில் அது 'பார்ப்பது' முகம் காட்டும் திசையைவிட 20 பாகைக்கும் கூடுதலாக மேலே. அதனால் "எதிரே கைப்பிடிச் சுவர் இருக்கே" என்று தயங்குவது பெரும்பாலும் வீண். "மேலே சன்ஷேடு நீட்டிக்கிட்டு இருக்கே" என்று தயங்கினால் அதில் அர்த்தம் உண்டு.

இடம் சரியா என்று பார்க்கக் காசில்லாத ஒரு வழி இருக்கிறது. மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் அந்தக் கோள்கள் இருக்கும் இடத்தைக் கடந்து போகும். ஃப்ரீ டிஷ் என்றால் காலை 11 மணியை ஒட்டி, டாடா ப்ளே என்றால் 12 மணியை ஒட்டி மாடிக்குப் போய், நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். நிழல் விழுந்தால் அந்த இடம் ஆகாது. அதே நாட்களில் அதே நேரத்தில் சில நிமிடம் படம் போய்ப் போய் வருவதும் உண்டு. சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதால் வரும் இரைச்சல் அது. ரிப்பேர்க்காரரைக் கூப்பிட வேண்டாம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. எதில் பூட்டுவது? நான் பட்ட பாடு இங்கேதான். எங்கள் வீட்டில் முதலில் டிஷ் வைத்தபோது வந்த தம்பி, மொட்டை மாடித் தளத்திலேயே நான்கு துளை போட்டு போல்ட்டை இறக்கிவிட்டுப் போனார். படம் பளிச்சென்று வந்தது. அடுத்த சாரல் காலத்தில் கூடத்துக் கூரையில் ஈர வட்டம். தட்டோட்டையும் அதன் கீழ் உள்ள சுண்ணாம்பு-செங்கல் கலவையான சுருக்கியையும் ஒருமுறை துளைத்துவிட்டால் நீர் எந்த வழியாக இறங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. டிஷ்ஷுக்கு ஆன செலவைவிட ஒழுக்கை அடைக்க ஆன செலவு அதிகம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. துளை போடும்போது நான் பக்கத்திலேயே டம்ளரில் காபியோடு நின்றுகொண்டிருந்தேன்.

கைப்பிடிச் சுவரில் பூட்டலாமே என்றால், பூட்டலாம், சுவர் கெட்டியாக இருந்தால். ஒற்றைச் செங்கல் கனத்தில் கட்டி, பூச்சு பொரிந்து நிற்கும் சுவர் என்றால் வேண்டாம். இந்தச் செங்கோட்டைக் கணவாயில் ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றைப் பற்றி உள்ளூர்க்காரருக்குச் சொல்லவா வேண்டும். அம்மியே பறக்கும் என்கிறோம். டிஷ் தென்கிழக்கே பார்ப்பதால் காற்று அதன் முதுகில் வந்து மோதும். 60 செ.மீ. டிஷ் பிடிக்கும் கற்றையின் அகலமே சுமார் 3 பாகைதான். ஓரிரு பாகை திரும்பினால் படம் போச்சு. என் யோசனை: ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு கான்கிரீட் கட்டை வார்த்து, அதில் போல்ட்டைப் பதித்து, தளத்தைத் தொடாமல் மாடி மூலையில் வைத்துவிடுங்கள். ஸ்டாண்டு அதில் உட்காரட்டும். கட்டையைக் கனமாக வார்த்துவிடுங்கள், இரண்டு பேர் தூக்கத் திணற வேண்டும்.

1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். இன்னும் சரிவான ஓட்டுக் கூரை வீடுகள் இங்கே உண்டு. ஓட்டின் மேல் எதையும் பூட்டாதீர்கள். பக்கச் சுவரில் கை நீட்டிய ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள். கூரையின் இறவாரம் மேலே மறைக்காத அளவுக்குக் கை நீளமாக இருக்கட்டும்.

கேபிள் விஷயத்தில் ஜன்னல் வழியாக இழுத்து, கதவைச் சாத்தி நசுக்குவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. சுவரில் தனித் துளை போடுங்கள்; வெளிப்பக்கம் தாழ்ந்தும் உள்பக்கம் உயர்ந்தும் இருக்க வேண்டும். துளைக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், டிவி வரை வராது. நடுவில் ஒட்டுப் போட்ட கேபிள் வேண்டாம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மாடியிலிருந்து கூடம் வரை இதற்கென்று ஒரு பைப் பதித்துவிடுங்கள், மின் ஒயர் போகும் பைப்பிலேயே திணிக்காமல்.

சாரலுக்குப் படம் போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நன்றாகத் திருப்பி வைத்த டிஷ் சாரலைத் தாங்கும். பெரிய துளியாகக் கொட்டும் மழையில்தான் அலை வலுவிழக்கும். எந்தக் கம்பெனி போட்டாலும் அப்போது கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும். சாரலுக்கே போகிறது என்றால் டிஷ் சரியாகத் திரும்பவில்லை, அல்லது கனெக்டரில் நீர் இறங்கியிருக்கிறது.

மழையைவிட மின்னல் ஆபத்து. ஐப்பசியில், மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்களே, அந்தப் பிற்பகல் இடிமழையில் பலர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மாடியிலிருந்து செட்-டாப் பாக்ஸ் வரை செம்புக் கம்பி அப்படியே கிடக்கிறது. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் பிடுங்கி, பாக்ஸின் பின்னால் டிஷ் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். இடிக்கத் தொடங்கியபின் அதைத் தொடாதீர்கள். பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதும் கழற்றக் கூடாது. அந்தக் கேபிள் வழியாகத்தான், டிஷ்ஷின் கை நுனியில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் போகிறது. பழைய வீடுகளில் பிளக் பாயிண்டின் மூன்றாவது துளை பேருக்குத்தான் இருக்கும், எர்த் இணைப்பு இராது. எலக்ட்ரீஷியனை வைத்து முன்பே பார்த்துவிடுங்கள்.

டிவிக்குப் பக்கத்தில் இரண்டு பிளக் பாயிண்ட், பாக்ஸுக்குக் காற்றாடும் இடம். இதற்கு மேல் உள்ளே பெரிய வேலை இல்லை. இலவசம் என்று ஃப்ரீ டிஷ் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: டிடி தமிழ் வரும், ஆனால் மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் தமிழ், மலையாளத் தனியார் சேனல்கள் அதில் வராது. கேரளத்துப் புனலூரிலிருந்து மருமகள் வந்திருக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். பாக்ஸின் மெனுவில் சிக்னல் அளவு, தரம் இரண்டும் தெரியும் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாடிக்குப் போய், கிளாம்ப்பும் கம்பமும் சேரும் இடத்தில் பெயிண்டால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். குற்றாலத்துக் குரங்குகள் டிஷ்ஷின் கையைப் பிடித்துத் தொங்கிவிட்டுப் போன மறுநாள், கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே டிஷ் திரும்பியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.