வடவியட்நாம் ஏஸ் விமானியின் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

ஏஸ் என்றால் ஐந்தோ அதற்கு மேலோ எதிரி விமானங்களை வீழ்த்தியவர். வியட்நாம் போரில் மிக்-21 ஓட்டிய நுயென் வான் கோக் அப்படி ஒருவர். அவர் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது 9 வீழ்த்தல்கள் என்ற எண்தான். அதை ஓரமாக வைத்துவிட்டுத் தேதியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வீழ்த்தலுக்கும் ஒரு வரி. அதில் தேதி, நேரம், ரெஜிமெண்ட், ஜோடியில் முன்னவரா பின்னவரா, எந்த விமானம், எங்கே விழுந்தது என்று கட்டம் போடுங்கள். மொத்தம் கடைசியில் தானாக வரும்.

பெயரில்தான் முதல் சறுக்கல். வியட்நாமியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், அழைக்கும் பெயர் கடைசியில். ஆகவே இவர் கோக். நுயென் என்று தேடினால் பாதி விமானப்படையும் வந்துவிடும். 7 வெற்றிகள் பெற்ற மிக்-17 விமானி நுயென் வான் பாய் ஒருவர். 1972 ஏப்ரலில் அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கிய நுயென் வான் பாய் வேறொருவர். ஏ, பி என்று குறித்துப் பிரித்திருப்பார்கள். அந்த எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

விமானத்தின் மூக்கில் இருக்கும் சிவப்பு நட்சத்திரங்களை எண்ணி விமானிக்குக் கணக்கு எழுதுவது அடுத்த தவறு. நட்சத்திரம் விமானத்துக்கு உரியது, அதை ஓட்டிய எல்லோருடைய வெற்றியும் அதில் சேரும். 4324 எண் மிக்-21 மேல் 14 நட்சத்திரங்கள், ஓட்டியவர்களோ பலர். 13 விமானங்களை வீழ்த்தியதாகச் சொல்லப்பட்ட ‘கர்னல் டூம்’ இப்படிப்பட்ட குழப்பத்தில் வளர்ந்த கற்பனை ஆள்.

நேரத்தில் கவனம் தேவை.  1968 ஜனவரி 1 முதல் ஹனோய் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் இருந்தது, சைகோன் 8 மணி நேரம். அமெரிக்க விமானங்கள் கிளம்பிய தாய்லாந்துத் தளங்கள் 7. அமெரிக்க அறிக்கையில் கிரீன்விச் நேரமும் வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால், ஒரே சண்டை இரண்டாகத் தெரியும்.

இனி எதிர்த்தரப்பின் இழப்புப் பட்டியல். 1968 மே 7-ஐ எடுத்துக்கொள்வோம். கோக் எரிபொருள் குறைந்து தோ சுவான் தளத்துக்குத் திரும்பும்போது 2,500 மீட்டர் உயரத்தில் ஒரு ஃபான்டமை (அமெரிக்காவின் எஃப்-4 போர்விமானம்) பார்க்கிறார். சுமார் 1,500 மீட்டர் தூரத்தில் வெப்பத்தைத் தேடிப் போகும் இரண்டு ஆர்-3எஸ் ஏவுகணைகளையும் விடுகிறார், அந்த ஃபான்டம் கடலில் விழுகிறது. அமெரிக்கப் பட்டியலில் அதே நாளில் என்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் எஃப்-4பி ஒன்று மிக் விமானத்தால் வீழ்த்தப்பட்டது, அதிலிருந்த இருவரும் மீட்கப்பட்டனர். தேதி, இடம், விமான வகை, காரணம் நான்கும் பொருந்துகின்றன: ‘உறுதி’.

எல்லாம் இவ்வளவு சுலபமாக அமையாது. விமானம் விழுந்தது உண்மை, ஆனால் அமெரிக்கப் பட்டியலின் காரணக் கட்டத்தில் பீரங்கி அல்லது தரையிலிருந்து விட்ட ஏவுகணை என்று இருந்தால் ‘விவாதம்’ என எழுதுங்கள். பின்னாலிருந்து வந்த ஆர்-3எஸ்ஸைப் பார்க்காமலே அடிவாங்கியவர் பலர் என்பதால், அந்தக் கட்டத்தை வேதவாக்காக எடுக்கக் கூடாது. 1972 டிசம்பர் 27-இல் வடவியட்நாம் விமானி ஃபாம் துவான் வீழ்த்தியதாகச் சொல்லும் பி-52 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் இந்த வகைதான். அன்றிரவு பி-52 விழுந்ததில் சர்ச்சையில்லை, யார் அடித்தது என்பதில்தான் சர்ச்சை. அன்று அங்கே இழப்பே இல்லையென்றால் ‘பொருந்தவில்லை’. ஏவுகணை விட்டதும் விலகிப் பறக்கும் மிக்-21 விமானி, அருகில் வெடித்ததை விழுந்ததாக நினைத்திருக்கலாம். அடிபட்ட விமானம் வீடு திரும்பியும் இருக்கலாம்.

மிகைப்படுத்தல் ஒரு தரப்பின் நோய் அல்ல. 1967 ஜனவரி 2, மிக்-21களைப் பொறிவைத்துப் பிடிக்க அமெரிக்கா நடத்திய ஆபரேஷன் போலோவில் அமெரிக்கர்கள் 7 மிக்-21களை வீழ்த்தியதாகச் சொன்னார்கள், வடவியட்நாம் ஒப்புக்கொண்டது 5. 

அமெரிக்காவின் ஆளில்லா ஃபயர்பீ உளவு விமானங்களைத் தனி வரியில் வையுங்கள். கோக்கின் 9-இல் 2 அந்த வகை. அவற்றின் இழப்பு ஆள் ஓட்டிய விமானங்களின் பட்டியலில் இருக்காது.