வாட்டர்ஜெட் வெட்டு: பிளேட்டை ஏற்றுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

உயரழுத்தத் தண்ணீரால் தகடு வெட்டும் வாட்டர்ஜெட் எந்திரத்தில் புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அழுத்தம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதைத்தான். வியாசர்பாடிப் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகளாக இந்த எந்திரத்தை ஓட்டிவரும் நான் அவர்களை முதலில் அழைத்துச் செல்வது பம்புக்குத் தண்ணீர் வரும் குழாயருகே. வடசென்னையில் வெட்டு கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஏறத்தாழ 4,000 பார் அழுத்தம் ஏற்றப்பட்ட தண்ணீர், நீலக்கல்லிலோ வைரத்திலோ துளைத்த 0.35 மி.மீ. ஓட்டை வழியாக நொடிக்கு 800 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பீறிடுகிறது. அந்தப் பாய்ச்சல் உண்டாக்கும் வெற்றிடமே கார்னெட் மணலை உள்ளே இழுத்துக்கொள்ள, தண்ணீரும் மணலும் ஏறத்தாழ 1 மி.மீ. உள்விட்டம் கொண்ட டங்ஸ்டன் கார்பைடு குழாயில் ஒன்றாகித் தகட்டின் மேல் இறங்குகின்றன. இரும்பை அறுப்பது மணல்தான். தண்ணீர் அதற்கு வேகம் கொடுக்கிறது. கேஸ் கட்டிங்கைப் போலச் சூடு ஏறாததால் விளிம்பு கடினமாவதுமில்லை, தகடு கோணுவதுமில்லை.

கல்லில் உள்ள அந்தச் சிறு ஓட்டையின் விளிம்பில் உப்பு படிந்தால் தாரை சிதறத் தொடங்கிவிடும். மணலி, மீஞ்சூர்ப் பகுதிகளில் நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்திருப்பது ஊரறிந்த செய்தி. ஆகவே போர்வெல் தண்ணீரை நேரடியாகப் பம்புக்குக் கொடுக்கவே கூடாது. லாரித் தண்ணீரும் ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொரு விதமாக இருக்குமென்பதால், டேங்க் நிரம்பிய உடனே, கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைத் தோய்த்துப் பார்த்துவிட வேண்டும். உப்பை நீக்கும் ஆர்ஓ வடிகட்டி வைப்பது நல்லதே, ஆனால் உப்பே இல்லாத அளவுக்குச் சுத்தமாக்கினால் அந்தத் தண்ணீர் குழாய் உலோகத்தையே அரிக்கத் தொடங்கும் என்பதால், பம்பு தயாரிப்பாளர் கையேட்டில் தந்திருக்கும் மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் மதிக்க வேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வரும் வெந்நீர் பம்பின் சீல்களை விரைவில் தின்றுவிடும். டேங்க்கை நிழலில் வையுங்கள், முடிந்தால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பொருத்துங்கள்.

அடுத்து தாரையைச் சோதிக்க வேண்டும். கார்பைடு குழாயைக் கழற்றிவிட்டு, குறைந்த அழுத்தத்தில் மணலில்லாமல் தண்ணீரை மட்டும் திறந்து, தள்ளி நின்று பாருங்கள். கல் நன்றாக இருந்தால் தாரை கண்ணாடிக் குச்சியைப் போல நேராக, தெளிவாக இறங்கும்; வெளியே வந்ததுமே வெண்மையாகத் துடைப்பம் போல விரிந்தால் கல்லை மாற்றாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. கார்பைடு குழாயைத் திரும்பப் பொருத்தும்போதெல்லாம் கால்வட்டம் திருப்பிப் பொருத்தினால் உள்தேய்மானம் ஒரே பக்கம் சாயாது.

கார்னெட்டில் பொது வேலைக்கு 80 மெஷ் (மணியின் பருமனைக் குறிக்கும் சல்லடை எண்) போதும். நிமிடத்துக்கு 300 முதல் 450 கிராம் வரை செலவாகும் இந்த மணல் எலும்பு போல உலர்ந்திருக்க வேண்டும். ஒரு நவம்பர் மழையில் மூட்டைகளைத் தரையிலேயே அடுக்கிவிட்டேன். அடி மூட்டை ஈரம் வாங்கிக் கட்டிதட்டியதில் பாதி வெட்டில் மணல் நின்றுபோய், ஒரு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) பிளேட்டின் மீது தண்ணீர் மட்டும் கோடு போட்டுக்கொண்டு போனது. அன்றுமுதல் மூட்டைகள் மரப்பலகை மேல்தான், மணல் சல்லடை வழியாகத்தான். விலை குறைவென்று ஆற்றுமணலைப் போடச் சொல்பவர்கள் உண்டு. அதன் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

பிளேட்டை ஏற்றி நான்கு பக்கமும் கிளாம்ப் இறுக்கிய பின் நாசிலுக்கும் (கார்பைடு குழாயின் முனைக்கும்) பிளேட்டுக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வையுங்கள். உண்மையான ஜாபைத் தொடுமுன் அதே தடிமனுள்ள கழிவுத் துண்டில் ஒரு கோடு வெட்டி, அதன் அகலத்தை அளந்து, அதில் பாதியை ஆஃப்செட்டாக, அதாவது கோட்டிலிருந்து தாரை விலகிச் செல்ல வேண்டிய அளவாக, எந்திரத்துக்குக் கொடுங்கள். குழாய் தேயத் தேய இந்த அகலம் கூடும் என்பதால் நேற்றைய அளவை இன்று நம்பக் கூடாது. வெட்டிய விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மேற்பகுதி மழமழவென்றும் கீழ்ப்பகுதி பின்னோக்கி வளைந்த வரிகளோடும் இருக்கும். வரிகள் ஆழமாக இருந்தால் வேகம் அதிகம். 12 மி.மீ. எஸ்எஸ்ஸுக்கு நிமிடத்துக்கு 100 மி.மீ. அளவில் தொடங்கி, வரிகளைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மூலைகளில் வேகத்தைக் குறைக்காவிட்டால் அடிப்பக்கம் பிசகிவிடும். சின்னத் துண்டுகள் பிளேட்டைத் தாங்கும் சட்டங்களின் இடுக்கில் விழாமலிருக்க ஓரிடத்தில் மட்டும் வெட்டாமல் மெல்லிய இணைப்பு விட்டு வெட்டுங்கள்.

கண்ணாடி, கிரானைட் போன்ற நொறுங்கும் பொருள்களில் முழு அழுத்தத்தோடு துளையிட்டால் விரிசல் ஓடும். அழுத்தத்தைக் குறைத்து, முதல் நொடியிலேயே மணல் சேருமாறு அமைக்க வேண்டும். ஃபைபர் ஷீட்டில் முதலில் டிரில்லால் துளையிட்டுவிடுவது பாதுகாப்பு, ஏனெனில் தண்ணீர் அடுக்குகளுக்கிடையே புகுந்து உப்பச் செய்யும். டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியை வெட்டவே முடியாது. அது மொத்தமாக நொறுங்கும்.

தாரைக்கருகே கை போகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் காயம் பட்டால் என்ன செய்வதென்று சொல்லியாக வேண்டும். ஊசி குத்தியதுபோல் தெரியும் புள்ளிக்கடியில் தண்ணீரும் மணலும் தசைக்குள் வெகுதூரம் பாய்ந்திருக்கும். வலி இல்லையென்று காத்திருந்தால் விரலே போய்விடலாம். கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. உடனே சென்று, உயரழுத்தத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வெட்டு முடிந்ததும் மணலை முதலில் நிறுத்தி, ஓரிரு நொடி தண்ணீரை ஓடவிட்டுப் பின்பு மூடினால் நாசில் அடைக்காது. வெட்டும் மேசைக்கு அடியிலுள்ள டேங்க்கில் படிந்த சேற்றைப் பக்கத்து வாய்க்காலில் கொட்டாமல், அதில் உலோகத் துகள் கலந்திருப்பதைச் சொல்லிக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள். எம்எஸ் (சாதாரண எஃகு) துண்டுகளை அன்றே காற்றடித்துத் துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் ஈரத்தோடு விட்டால், டெலிவரி வண்டி வருவதற்குள் செந்துரு பூத்திருக்கும்.