அந்தாதுன்: கண்ணால் மட்டும் பார்த்தால் வரும் தவறுகள்

அந்தாதுனை நான் முதல் தடவை பார்த்தது ஓடும் ரயிலில், கைப்பேசியில், ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்த இயர்போனில். படம் முடிந்ததும் நண்பனுக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினேன்: "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு, கண்டிப்பா பாரு." சில மாதம் கழித்து வீட்டில் நல்ல ஸ்பீக்கரோடு இரண்டாவது தடவை பார்த்தேன். முதல் தடவை நான் பார்த்தது பாதிப் படம்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை நானே செய்தவை. அதனால் யாரையும் குத்திக்காட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதையை மறைக்காமல்தான் பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள். மொத்தம் 2 மணி 19 நிமிடம்தான்.

ஸ்ரீராம் ராகவன் இயக்கி 2018 அக்டோபர் 5 அன்று வெளியான இந்திப் படம். ஊர் புனே. ஆகாஷ் (ஆயுஷ்மான் குரானா) ஒரு பியானோ கலைஞன். கண் நன்றாகத் தெரியும், ஆனால் தெரியாதது போல நடித்து வாழ்கிறான். இசையில் கவனம் கூடும் என்று அவனாகவே வைத்துக்கொண்ட சோதனை அது. பழைய நடிகர் பிரமோத் சின்ஹா (அனில் தவன்), மனைவி சிமிக்குத் (தபு) திருமண நாள் பரிசாக வீட்டில் ஒரு தனிக் கச்சேரி ஏற்பாடு செய்கிறார். ஆகாஷ் போய்ச் சேரும்போது கச்சேரிக்கு அழைத்தவர் பிணமாகத் தரையில் கிடக்கிறார். பார்த்துவிட்டான். ஆனால் பார்க்க முடியாதவன் அல்லவா அவன்? வாசிக்கத் தொடங்குகிறான்.

பெயரை அவசரமாகப் படிப்பது

'அந்தா' என்றால் பார்வையற்றவன், ஆகவே இது பார்வையற்றவனைப் பற்றிய படம் என்று பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்தியில் 'அந்தாதுந்த்' என்று ஒரு சொல் உண்டு. நாம் 'கண்மண் தெரியாமல்' என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட அதே பொருள். அதன் வாலைக் கொஞ்சம் நறுக்கினால் 'துன்' என்று முடிகிறது. துன் என்றால் மெட்டு. ஒரே சொல்லில் கண் தெரியாமையும் இருக்கிறது, இசையும் இருக்கிறது, முன்பின் யோசிக்காமல் பாய்வதும் இருக்கிறது. தமிழில் 2024-இல் பிரசாந்த் நடித்து 'அந்தகன்' என்று வந்தபோது பார்வை மட்டும் பெயரில் தங்கியது, மெட்டு போய்விட்டது. வேறு நல்ல பெயர் எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் காட்சிக்கு முன்னால் ஆங்கிலத்தில் வரும் வாசகத்துக்கும் இதே கதிதான். வாழ்க்கை என்றால் என்ன, அது 'லிவரை'ப் பொறுத்தது என்கிறது அது. வாழ்கிறவனும் லிவர்தான், கல்லீரலும் லிவர்தான். தமிழில் 'கல்லீரல்' என்று போட்டால் சிலேடை செத்துவிடும், 'வாழ்பவன்' என்று போட்டால் கதை செத்துவிடும். பின்பாதி முழுக்க உடலுறுப்புத் திருட்டில் ஓடப்போகிறது என்பதை இயக்குநர் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். வேடிக்கை வாசகம் என்று சிரித்துவிட்டு நாம்தான் கடந்துபோகிறோம்.

நுவார் என்றதும் மழையைத் தேடுவது

மழை பெய்யும் இரவுத் தெரு, தொப்பிக்காரர், சிகரெட் புகை, ஜன்னல் கம்பி நிழல். இவையெல்லாம் இருந்தால்தான் நுவார், அதாவது இருண்ட மனங்களைப் பேசும் குற்றப்படம், என்று ஒரு கணக்கு நம்மிடம் இருக்கிறது. அந்தாதுனில் பாதிக் குற்றங்கள் பட்டப்பகலில் நடக்கின்றன. சிரிப்பும் வருகிறது. கொலையைப் பற்றிப் புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போகிறான் ஆகாஷ். அங்கே இன்ஸ்பெக்டராக இருப்பது சிமியின் வீட்டுக் குளியலறையில் துப்பாக்கியோடு நின்ற அதே ஆள். நமக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வருகிறது, வயிறும் கலங்குகிறது.

நுவாருக்கு இருட்டைவிட முக்கியமானது சறுக்கல். கொஞ்சம் ஆசை, கொஞ்சம் பொய். அதை மூடி மறைக்க இன்னொரு பொய். ஒவ்வொரு அடியிலும் திரும்பிப் போக வழி இருக்கும், ஆனால் அந்த வழியை ஆள் எடுக்கமாட்டான். ஆகாஷின் பொய் யாரையும் கொல்லவில்லை. ஆனால் அந்தப் பொய் இல்லையென்றால் அவனுக்கு இதில் எதுவுமே நடந்திருக்காது. சிமியை வெறும் வில்லி என்று முத்திரை குத்துவதும் இதே அவசரத்தால் வருவதுதான். தபு ஒவ்வொரு கொடுமையையும் வேறு வழியில்லாத வீட்டு வேலை மாதிரி செய்கிறார். பயமே அதில்தான் இருக்கிறது.

'பார்வையற்றவராக அசத்தியிருக்கிறார்' என்று எழுதுவது

அதிகம் பார்க்கும் பாராட்டு இதுதான். ஆயுஷ்மானுக்குச் செய்யும் அநியாயமும் இதுதான். படத்தின் முதல் பாதியில் அவர் பார்வையற்றவராக நடிக்கவே இல்லை. பார்வையற்றவராக நடிக்கும் ஒருவனாக நடிக்கிறார். இரண்டுக்கும் நடுவே மலையளவு தூரம் இருக்கிறது.

ஆகாஷின் பாவனையைக் கவனியுங்கள். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, கொஞ்சம் பெருமைகூட இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி, கையில் கோல், நிதானமான நடை. பார்வையற்றவர் இப்படித்தான் இருப்பார் என்று பார்வையுள்ள ஒருவன் கற்பனை செய்துவைத்த அழகு அது. பிறகு சிமி கொடுக்கும் நஞ்சால் நிஜமாகவே பார்வை போகிறது. அங்கே அந்த அழகெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. தட்டுத்தடுமாறுகிறான், காற்றைத் துழாவுகிறான், குரலே வேறாக இருக்கிறது. இத்தனை நாள் ஒத்திகை பார்த்த வேஷம் நிஜம் வந்தபோது ஒரு துளிகூட உதவவில்லை. இரண்டு பாதியையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அந்த ஆண்டுக்கான 66-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருதை 'உரி' படத்தின் விக்கி கௌஷலோடு அவர் பகிர்ந்துகொண்டது இந்த நடிப்புக்குத்தான்.

இன்னொன்று, கை. பியானோ வாசிக்கும் காட்சிகள் வரும் படங்களில் முகத்தை ஒரு ஷாட்டிலும் வேறொருவர் விரல்களை இன்னொரு ஷாட்டிலும் காட்டி ஒட்டுவதுதான் வழக்கம். இங்கே ஆயுஷ்மான் மாதக்கணக்கில் பியானோ பழகி, டூப் இல்லாமல் தானே கட்டைகளில் விரல் வைத்தார். அறிமுகப் படமான 'விக்கி டோனர்' காலத்திலிருந்தே பாடகராகவும் தெரிந்தவர், தாளம் உடம்பில் ஊறியிருக்கிறது. முகமும் விரலும் ஒரே ஷாட்டில் இருப்பதால் அடுத்து சொல்லப்போகும் காட்சி சாத்தியமானது.

அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விடுவது

சிமியின் வீடு. ஆகாஷ் வாசிக்கிறான். பிரமோத் தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டான். பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து போனால் அங்கே கையில் துப்பாக்கியோடு மனோகர், முன்னால் சொன்ன அதே இன்ஸ்பெக்டர். பார்க்காதது போலவே காரியத்தை முடித்துவிட்டு வந்து மறுபடியும் பியானோ முன்னால் உட்காருகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் சிமியும் மனோகரும் சத்தமே வராமல் சைகையில் பேசிக்கொண்டு ரத்தத்தைத் துடைக்கிறார்கள், உடலைச் சூட்கேஸில் அடைக்கிறார்கள்.

ரயிலில் இதைப் பார்த்தபோது பின்னணி இசை ஓடுகிறது, முன்னால் காட்சி நடக்கிறது என்று நினைத்தேன். அப்படி இல்லை. அந்த அறையில் இருக்கும் மூன்று பேருக்கும் கேட்கும் இசை அது. படத்துக்காக மேலே ஊற்றிய இசையும் அதுவே. பேச்சில்லாப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பியானோ வாசிப்பாரே, அவர் மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே வாசிப்பவரும் கதைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். பிணத்தை அகற்றுகிறவர்களுக்கு அவனே பின்னணி இசை போட்டுக்கொடுக்கிறான்.

இப்போது அந்த முகத்தைப் பாருங்கள். சிமிக்கு ஒன்றும் தெரியாத முகம் காட்ட வேண்டும், நமக்கு உள்ளே நடப்பதைக் காட்ட வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். கண் அசையக் கூடாது, குரல் நடுங்கக் கூடாது. அப்புறம் எதை வைத்து நடிப்பது? விரல்களை வைத்துத்தான். வாசிப்பு நின்றால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் உயிர் போகும். ஒவ்வொரு சுரமும் 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இசை அழகாக ஓட ஓட நமக்கு மூச்சு முட்டுகிறது. காட்சியில் வசனம் அநேகமாக இல்லை, ஆகவே சப்டைட்டில் பார்க்கும் பழக்கத்தில் திரையின் அடிப்பகுதியிலேயே கண்ணை வைத்திருக்காதீர்கள்.

அப்புறம், இந்தக் காட்சியின் புகழை அமித் திரிவேதிக்குக் கொடுப்பது சர்வ சாதாரணமாக நடக்கும் தவறு. பாடல்கள்தான் திரிவேதி. பின்னணி இசை டேனியல் பி. ஜார்ஜ். ராகவனின் 'ஜானி கத்தார்' படத்துக்கும் பின்னணி இசை அமைத்தவர் அவர். படத்தின் நரம்பு அவர் கையில் இருந்தது, பெயர் மட்டும் பாடல்களுக்குப் போய்விட்டது. நம்மூரில் பாட்டும் பின்னணியும் ஒருவரே செய்வது வழக்கம் என்பதால் நமக்கு இந்தக் குழப்பம் இன்னும் சுலபமாக வரும்.

அதற்காகத் திரிவேதியின் பாடல்களைத் தள்ளிவிடவும் வேண்டாம். 'நைனா தா க்யா கசூர்' பாட்டை உணவகத்தில் ஆகாஷ் ஜாலியாகப் பாடுகிறான். கண்கள் செய்த குற்றம் என்ன என்று கேட்கிற பாட்டு. கண் தெரியாதவன் என்று ஊரை நம்பவைத்த ஒருவன் அதைப் பாடுகிறான், கேட்பவர்கள் இரக்கத்தோடு ரசிக்கிறார்கள். முதல் தடவை இனிமையாக இருக்கும், இரண்டாவது தடவை குறும்பு தெரியும். ஜெய்தீப் சாஹ்னியின் வரிகள். பாட்டு வந்ததும் முன்னே ஓட்டிவிடும் கை இந்தப் படத்தில் சும்மா இருக்கட்டும்.

பழைய பாட்டுகளை வெறும் ஏக்கம் என்று ஒதுக்குவது

பிரமோத் சின்ஹா தன் பழைய பாடல்களை யூடியூபில் போட்டுப் பார்த்து, கீழே வந்திருக்கும் ரசிகர்களின் கருத்துகளைப் படித்துப் பூரித்துப் போகிறார். அனில் தவன் நிஜமாகவே எழுபதுகளின் நாயகன். 1972-இல் வந்த 'பியா கா கர்' படத்தில் ஜெயா பாதுரிக்கு ஜோடி. படத்தில் ஓடுபவை அவருடைய அசல் பழைய பாடல் காட்சிகள்தான். அவற்றைப் பார்த்துப் பழகிவிட்டதால், அவர் தரையில் கிடக்கும்போது செத்துப்போனது ஒரு கதாபாத்திரம் மட்டும் இல்லை என்று தோன்றிவிடுகிறது. படத்தையே சித்ரஹார் போன்ற பழைய பாட்டு நிகழ்ச்சிகளுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒளியும் ஒலியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தமிழில் அந்த இடத்துக்குக் கார்த்திக்கைக் கொண்டுவந்தது சரியான யோசனை. அவரைத் திரையில் பார்த்ததும் நமக்கும் ஏதோ செய்கிறது.

'காப்பி' என்று ஒரே சொல்லில் முடிப்பது

ஒலிவியே த்ரெய்னேர் இயக்கிய, பியானோ சுருதி சேர்ப்பவனைப் பற்றிய 2010-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குறும்படம்தான் இதன் விதை. கன்னட இயக்குநர் ஹேமந்த் ராவ் அதைப் பற்றி ராகவனிடம் சொல்லியிருக்கிறார். குறும்படத்துக்குரிய நன்றி படத்திலேயே இருக்கிறது, ஹேமந்த் ராவின் பெயர் திரைக்கதையில் இருக்கிறது. தேசிய விருது கிடைத்ததும் தழுவல் திரைக்கதைப் பிரிவில்தான். குறும்படம் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்க இவன் வாசித்துக்கொண்டிருக்கும் புள்ளியில். அதற்கப்புறம் என்ன ஆகும் என்ற கேள்வியில் ராகவன் கதை பிடித்து ஓடுகிறார்.

முடிவுக்கு விடை எழுதுவது

இரண்டு ஆண்டு கழித்து போலந்தின் கிராகோவ் நகரத்தில் ஆகாஷின் பழைய காதலி சோஃபி (ராதிகா ஆப்தே) அவனைச் சந்திக்கிறாள். நடந்ததை அவன் சொல்கிறான். சிமியின் கண்களை எடுத்துக்கொள்ளும்படி உறுப்புத் திருட்டு டாக்டர் சொன்னார், நான் மறுத்துவிட்டேன், ஒரு முயல் குறுக்கே பாய்ந்ததால் அவள் கார் கவிழ்ந்தது என்கிறான். நாம் திரையில் பார்த்ததும் அதையேதான். இங்கே இரண்டு பக்கத் தவறுகள் உண்டு. திரையில் காட்டியதால் எல்லாம் நடந்தது என்று நம்புவது ஒன்று. அவனுக்குக் கண் தெரிகிறது, ஆகவே மொத்தமும் பொய் என்று தீர்ப்பெழுதுவது இன்னொன்று. அவன் கையில் இருக்கும் கோலின் பிடி முயல் தலை வடிவத்தில் இருக்கிறது. அந்தப் பிடியைப் பார்த்துத்தான் முயல் கதையைக் கட்டினானா, அல்லது முயல் காப்பாற்றியதால் அந்தக் கோலை வாங்கினானா? படம் சொல்லவில்லை. ஆனால் தொடக்கக் காட்சியில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஓடும் முயலுக்கு ஒரு கண் பழுது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைசியில் ஆகாஷ் தெருவில் நடந்து போகிறான். வழியில் ஒரு காலி டப்பா கிடக்கிறது. கோலால் ஒரே வீச்சில் அதைத் தட்டிவிடுகிறான். குறி தப்பவில்லை. என் நண்பன் அந்த இடத்தில் நிறுத்தி, "கண் தெரியுதுடா!" என்று கத்தினான். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடியும் போட்டேன்.